ரீத்தா சொல்ல மறுத்த வசனம்

போன மாதம் படப்பிடிப்பிலிருந்து நுன்சியா தொலைபேசியில் கூப்பிட்டு என் வேலை போய்விட்டது என்றாள். எனக்குப் பதிலாக வந்திருப்பவர் ரப்பராம். ரோமில் அச்சில் வார்த்து, தலைமயிரை ஒவ்வொன்றாக நட்டு, பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூச்சு விடமாட்டார். தும்மமாட்டார். மத்தியானச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா என்று விசாரிக்கமாட்டார்.

"அதுக்கு முதுகுநோவும் இல்லை, ஜோயா," என்றாள். "உன்னைவிட வடிவாச் செத்துக் கிடக்குது."

'ஜோயா' என்றால் மகிழ்ச்சி. பலேர்மோவில் எவரும் எவரையும் அப்படிக் கூப்பிடலாம், வேலையை விட்டு நிறுத்தும்போதும்.

என் தொழில் பிணம். இந்த ஊரில் வருடக்கணக்காக ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறார்கள். எங்கள் சனம் அதைக் 'கொமிசாரியோ நாடகம்' என்று சொல்லும். கொமிசாரியோ என்பவர் காவல்துறை அதிகாரி. நன்றாகச் சாப்பிடுவார், கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், கடைசியில் கொலைகாரனைப் பிடிப்பார். இவ்வளவும் நடக்கவேண்டுமானால் தொடக்கத்தில் ஒருவர் செத்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நான். முழுப்பெயர் சிவஞானசுந்தரம். எந்த இத்தாலியரும் அதை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை என்பதால், உயிரோடிருக்கும்போது சிவா.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில், எங்கள் கோயில் மண்டபத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. துணைநடிகர் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஒரு பெண்பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை என்னை மறித்தாள். "மாமா, மோர்த்தோ செய்யிறது சுகமோ? சும்மா படுக்கிறதுதானே?"

மோர்த்தோ என்றால் செத்தவன். சும்மா படுக்கிறதுதானே என்று கேட்டதால் இதை எழுதவேண்டி வந்தது. ஒரு சிறு ஒழுங்கு: கீழே இத்தாலியர்கள் பேசுவதை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். நுன்சியா பேசுவது பலேர்மோவின் கொச்சை. அதற்கு யாழ்ப்பாணத்தைக் கொடுத்திருக்கிறேன். இயக்குநர் ரோமாபுரிக்காரர். அவருக்கு எழுத்துத் தமிழ்.

என் பயிற்சிக் காலம் மாடிப்படி ஒன்றின் அடியில் தொடங்கி அங்கேயே முடிந்தது. அப்போது ஒரு கிழட்டு வழக்கறிஞரைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கட்டடத்தின் பளிங்குப் படிகளைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வந்தபோது, செத்துக் கிடக்கவேண்டிய நடிகர் விடாமல் தும்மிக்கொண்டிருந்தார். ஒரு தடித்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்: "உனக்குப் படுக்கத் தெரியுமோ?"

"விடியலில் இருந்து நிற்கிறேன். படுப்பதில் ஆட்சேபம் இல்லை" என்றேன். அவள்தான் நுன்சியா.

துணைநடிகர்களைக் கூட்டிவருவதும், நிறுத்துவதும், அதட்டுவதும் அவள் பொறுப்பு. அதற்கு முன் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்றவள். இரண்டும் ஒரே தொழில்தான் என்பாள்: ஆட்கள் சத்தம்போடும் இடத்தில், பழுதாகக்கூடிய சரக்கை, வெயில் ஏற முன்னம் தள்ளிவிடவேண்டும். ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் என்னிடம் வந்து, கட்டைவிரலால் இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்ப்பாள். கன்னத்தை அமத்தி, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு இயக்குநரைப் பார்த்து, "புதுசு, எடுக்கலாம்" என்று கத்துவாள். அவள் எவரையும் புகழ்ந்ததில்லை. காட்சி மிகவும் நன்றாக வந்தால், போகிற போக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இண்டைக்கு நாறிப்போனாய், ஜோயா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் வருடக்கணக்காகச் செத்திருக்கிறேன்.

இனித் தொழில். சாக விரும்பும் பிள்ளைகள் கவனிக்கவும்.

முதலாவது மூச்சு. எல்லோரும் செய்யும் பிழை, நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு கிடப்பது. நிறைந்த நெஞ்சு சரியத்தான் பார்க்கும், கமெரா அதைக் கண்டுவிடும். ஆழமாக இழுத்து, பாதியை வெளியே விட்டு, அங்கே நிறுத்தவேண்டும். நுன்சியா காட்சியின் நீளத்தை 'அருள்நிறைந்த மரியே'யால் அளப்பாள். சாதாரணக் காட்சி ஒரு செபம், நீண்ட காட்சி இரண்டு. நான் சைவன். ஆனாலும் இத்தனை வருடத்தில் மரியன்னையை நம்பிச் செத்தவர்களில் என்னைவிட ஒழுங்கானவன் இருக்கமாட்டான்.

இரண்டாவது கண். திறந்த கண்ணைவிட மூடிய கண் கடினம். இமைக்குள் விழி சும்மா இருக்காது, சத்தம் வந்த பக்கம் ஓடும். மூடிய இமைக்குள்ளேயே உங்கள் கால்பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருங்கள். விழி அடங்கும். கால் என்றதும் ஞாபகம் வருகிறது: உயிருள்ளவன் படுத்தால் பாதம் வானத்தைப் பார்க்கும், செத்தவனுடையது வெளிப்பக்கம் சரியும். இதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள்.

வயிறும் முக்கியம். காலையில் வெங்காயம் கூடாது. ஒருமுறை கொமிசாரியோ என் மேல் குனிந்து "இவனுக்கு எதிரிகள் இருந்தார்களா?" என்று கேட்க, என் வயிறு பதில் சொல்லியது. ஒலிப்பதிவாளர் அதைப் பத்திரமாக வைத்திருந்து கிறிஸ்மஸ் விருந்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

ஒப்பனைதான் கடைசிவரை தீராத பிரச்சினை. கறுத்த மனிதன் செத்தால் என்ன நிறமாவான் என்று ஒப்பனைக்காரிக்குத் தெரியாது. வெள்ளைத் தூள் பூசினால் கோதுமை மாவில் விழுந்தவன்போல இருந்தேன். நீலம் பூசினால் கண்ணன் வேடம். கொலையுண்ட துனீசிய மீனவன் புல்லாங்குழல் வாசிக்கப் போகிறான்போல எழும்பி உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஆச்சரியமாக இருந்திராது.

ஆம், துனீசியனாகச் செத்திருக்கிறேன். ரோசாப்பூ விற்கும் வங்காளியாகவும், மொறீசியசுச் சமையல்காரனாகவும் செத்திருக்கிறேன். ஒருமுறை முகம் தண்ணீருக்குள் இருந்ததால், பலேர்மோவில் உறுதிப்பத்திரம் எழுதும் மதிப்புக்குரிய நொத்தாரிசாகவே சாகும் வாய்ப்புக் கிடைத்தது. நான் சமூகத்தில் அடைந்த அதிகபட்ச உயரம் அதுதான்.

வீட்டிலே வேறு சட்டம். என் மனைவி புஷ்பம் இந்தத் தொழிலைத் தொடக்கத்திலிருந்தே செத்தவீடு என்றுதான் கணக்கில் வைத்தாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் முழுகாமல் குசினிக்குள் வரக்கூடாது. நான் வாதாடிப் பார்த்தேன். "செத்தவீட்டுக்குப் போனவன் முழுகவேணும், சரி. செத்தவனே முழுகவேணும் எண்டு எங்கை சொல்லியிருக்கு?"

"உங்களைப்போல செத்துப்போட்டுப் பசிக்குது எண்டு வாற ஆளை ஆரும் காணேல்லை. அதாலை எழுதேல்லை," என்றாள். "போய் முழுகுங்கோ."

கோடையிலும் மாரியிலும் முழுகினேன். குசினி வாசலில் திருநீறு பூசிய பிறகுதான் சோறு.

இப்படியாக நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கடினமான பிரேதம் வந்து சேர்ந்தது. அந்தப் பகுதியின் கதை இதுதான்: ஒரு கிழட்டுப் பிரபுவைப் பராமரிக்கும் இலங்கைத் தமிழன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் செத்துக் கிடக்கிறான். கொன்றது பிரபுவின் மருமகன். (எப்போதும் மருமகன்தான். கொமிசாரியோ ஏன் முதல் காட்சியிலேயே மருமகனைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போவதில்லை என்பது எனக்கு விளங்கியதில்லை.) முதல்தடவையாகத் தமிழனாகவே சாகப்போகிறேன் என்று எனக்குச் சின்னப் பெருமை.

செத்தவனுக்கு ஒரு மனைவி. பிணவறைக்கு வந்து கணவனை அடையாளம் காட்டவேண்டும். முகத்தைக் கிட்டத்தில் எடுப்பார்கள். நுன்சியா என்னிடம் கேட்டாள்: "உங்கட ஆக்களிலை நல்லா அழத்தெரிஞ்ச பொம்பிளை ஆரும் இருக்கினமோ?"

அழத்தெரிந்த ஒருவரும் என் நினைவுக்கு வரவில்லை. வந்தது ரீத்தா.

ரீத்தா மன்னார்க்காரி. பொலித்தேயாமாப் பக்கம் இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை, பின்னேரத்தில் ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை. சீசா பஸ் தரிப்பிடத்தில் தினமும் என்னைக் காண்பாள். "என்ன அண்ணை, இண்டைக்குச் சாவோ பிழைப்போ?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவாள். அவள் கணவன் அந்தோனி, கடைசிச் சண்டைக் காலத்தில் வன்னிக்குப் போனவர். பிறகு ஒரு சேதியும் இல்லை. உடலும் இல்லை. ஊரில் அவருக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது ரீத்தா கையை நீட்டவில்லை. இங்கே ஒவ்வொரு கார்த்திகையிலும், செத்தவர்களுக்கான பூசைக்கு முன்னம், சுவாமியார் அவளிடம் மெதுவாகக் கேட்பார்: "ரீத்தா, இந்த வருசம் அந்தோனியின்ர பேரையும் வாசிப்பமோ?"

"வேண்டாம் பாதர். நோயாளியளுக்கு வாசிக்கேக்கை வாசியுங்கோ. எங்கையும் சுகமில்லாமல் கிடக்கிறாரோ தெரியாது."

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பது உலகறிந்தது. "அந்தோனியாரிட்டை அந்தோனியைத் தேடச் சொல்லிக் கேக்கிறன், அண்ணை. தன்ர பேர்க்காரனைத் தேடாமல் வேற ஆரைத் தேடப்போறார்?" என்று ஒருநாள் பஸ்ஸடியில் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். பகிடி இல்லாமலும் சொன்னாள்.

நான் நாடகத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் சம்பளத்தையோ நேரத்தையோ விசாரிக்கவில்லை.

"அண்ணை, இந்த நாடகம் வேற நாடுகளிலையும் ஓடுதாமோ?"

"ஓம். ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா எண்டு கதைக்கினம்."

"முகம் வடிவாத் தெரியுமோ?"

"கிட்டத்திலை எடுப்பினம். மூக்குத்தி ஓட்டையும் தெரியும்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை யோசித்தாள். "அப்ப வாறன்," என்றாள்.

படப்பிடிப்புக்குத் துறைமுகத்தில் ஒரு பழைய சாமான் கிடங்கைப் பிணவறையாக மாற்றியிருந்தார்கள். சுவரில் வெள்ளை ஓடு ஒட்டி, நடுவில் இரும்பு மேசை போட்டிருந்தார்கள். அந்த ஒரு நாள்தான் கிடங்கு கிடைக்கும். மறுநாள் காலை அதற்குள் சரக்கு ஏற்றிவிடுவார்கள். கொமிசாரியோவாக நடிப்பவருக்கும் அன்று பின்னேரமே நாப்போலிக்குக் கப்பல். எனவே எல்லோரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரீத்தா நேரத்துக்கே வந்தாள். ஒப்பனைக்காரி அவளுடைய உதட்டுக்குக் கீழே நாடியில் இருந்த பழைய தழும்பை மறைக்கப் போக, ரீத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. வள்ளக் கயிறு வெட்டினது. அவருக்கு இதைத் தெரியும். தலை நரைச்சுப் போச்சு, உடம்பும் வத்திப்போச்சு. தழும்பும் இல்லையெண்டால் என்னெண்டு மட்டுக்கட்டுவார்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் நடிக்க வரவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில், ஒரு முகாமிலோ கடையிலோ, அந்தோனி ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கக்கூடும். அவர் கண்ணில் படுவதற்காக வந்திருக்கிறாள்.

துணைநடிகர்களுக்கு எவரும் முழுக்கதையைத் தருவதில்லை. அவரவர் செய்யவேண்டியதை அன்று காலையில்தான் ஒரு தாளில் தருவார்கள். ரீத்தாவுக்கு உரியதை நுன்சியா கொண்டுவந்து கொடுத்தாள். கொமிசாரியோ, "இவரைத் தெரிகிறதா?" என்று கேட்பார். ரீத்தா சொல்லவேண்டியது: "ஆம். இறந்தது என் கணவர்தான்." பிறகு கழுத்திலிருக்கும் தாலியைக் கழற்றி என் நெஞ்சில் வைக்கவேண்டும். கதை எழுதியவர் எங்கேயோ வாசித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார் போலும்.

நான் அதற்குள் மேசையில் நீலம் பூசிக் கிடத்தப்பட்டிருந்தேன். ரீத்தா எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். தாளை நாலாக மடித்து நுன்சியாவின் கையில் திருப்பி வைத்தாள்.

"இதைச் சொல்லமாட்டன்."

இயக்குநர் வந்தார். நல்ல மனிதர். சத்தம் போடாமல் பேசுவார், அதனாலேயே எல்லோரும் அவருக்குப் பயம். நான் மேசையில் படுத்தபடி மொழிபெயர்த்தேன்.

"அம்மணி, இது வெறும் நடிப்பு. இங்கே எவரும் இறக்கவில்லை. இதோ, இவர்கூட இறக்கவில்லை."

உதவியாக இருக்கட்டும் என்று நான் கையை உயர்த்திக் காட்டினேன்.

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதெல்லோ?" என்றாள் ரீத்தா. "எங்கையோ இருந்து பாக்கிறார் எண்டு வையுங்கோ. ரிவியிலை ரீத்தா நிக்கிறாள். ஒரு பிரேதத்தைக் காட்டிக் கேக்கினம். நான் ஓம், செத்தது என்ர மனுசன்தான் எண்டு சொல்லிப்போட்டுத் தாலியையும் கழட்டி வைக்கிறன். பிறகு அவர் என்னத்துக்கு வாறது?"

இதை மொழிபெயர்த்து, அந்தோனி காணாமற்போனதையும் சேர்த்துச் சொன்னேன். நுன்சியா இயக்குநரின் காதில் எதையோ சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்றாலும் அவர் இயக்குநர்தான்.

"எனக்கு விளங்குகிறது. ஆயினும் பிணம் யாருடையது என்று தெரியாவிட்டால் கொமிசாரியோ அடுத்த காட்சிக்குப் போக முடியாது. யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். வேறு ஒரு பெண்ணைத் தேடுவோம்."

நுன்சியா என் பக்கம் திரும்பினாள். "உன்ர மனிசியைக் கூப்பிடன், ஜோயா."

புஷ்பத்தை நான் நினைத்துப் பார்த்தேன். அவள் வந்தால் தாலியைக் கழற்றி என் நெஞ்சில் வைக்கமாட்டாள், நீலத்தைக் கண்டதும் என்னை எழுப்பிக்கொண்டுபோய்த் துறைமுகக் குழாயிலேயே முழுகவார்ப்பாள். அது சரிவராது என்றேன்.

இதற்குள் ரீத்தா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக் கமெராவுக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு உதவியாளன் வந்து, போகலாம் என்று வாசலைக் காட்டினான்.

"நான் போகமாட்டன். முகம் காட்டவெண்டு வந்தனான். காட்டாமல் எழும்பமாட்டன்."

வசனத்தையும் சொல்லமாட்டாள், வீட்டுக்கும் போகமாட்டாள். படப்பிடிப்பில் நான் பல பிடிவாதங்களைப் பார்த்திருக்கிறேன். கதாநாயகிகள் வண்டிக்குள் பூட்டிக்கொண்டு இருப்பார்கள், நடிகர்கள் தொலைபேசியை எறிவார்கள். சத்தமே இல்லாத பிடிவாதத்தை அன்றுதான் பார்த்தேன். கொமிசாரியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே நாப்போலிக் கப்பலுக்கு லொறிகள் ஏறத் தொடங்கியிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து ரீத்தா என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் உதிலை ஆராக் கிடக்கிறியள்?"

"உன்ர மனுசனா."

"என்ர அண்ணையாக் கிடக்க ஏலாதோ?"

நான் தலையைத் தூக்கினேன். பிணவறையில் அது ஒழுங்கல்ல, என்றாலும் தூக்கினேன்.

"எனக்குக் கூடப்பிறந்த ஆம்பிளையள் இல்லை," என்றாள். "இல்லாத அண்ணை செத்தால் ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. உங்களை நாளும் பஸ்ஸடியிலை அண்ணை எண்டுதானே கூப்பிடுறன்? அது பொய்யில்லைத்தானே? உங்களுக்கு ஏதும் வந்தால் பாப்பம், உங்களுக்குப் பழக்கம்தானே."

மொழிபெயர்த்தேன். கடைசி வசனத்தையும் சேர்த்து. நுன்சியா சிரித்த சிரிப்பில் ஓடு ஒன்று சுவரிலிருந்து விழுந்தது.

"முன்னரே எடுத்த இரண்டு காட்சிகளில் மனைவி என்று சொல்லியிருக்கிறோம்," என்றார் இயக்குநர்.

"ஒலிக்கூடம் எதுக்குக் கிடக்குது?" என்றாள் நுன்சியா. "இந்த நாட்டிலை பாதிப்பேர் வாயை அசைக்கிறதோடை சரி. சத்தம் பிறகுதானே வருது. மனைவி எண்ட இடத்திலை தங்கச்சி எண்டு போடுறது. வாய் அசையிறதை ஆர் பாக்கப்போகினம்?"

இயக்குநர் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தாலியைக் கழற்றுவது?" என்று கேட்டார். அந்தக் காட்சியை அவர் மிகவும் விரும்பியிருந்தார், பாவம்.

"அண்ணை செத்ததுக்கு ஆரும் தாலி கழட்டுறேல்லை," என்றாள் ரீத்தா. நான் அதை எதுவும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

நுன்சியா வந்து என் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தை அமத்தினாள். "புதுசு. எடுக்கலாம்!"

ஆழமாக இழுத்தேன். பாதியை விட்டேன். நிறுத்தினேன். கால்பெருவிரலைப் பார்த்தேன். பிணவறைக் காவலன் துணியை விலக்கியபோது முகத்தில் குளிர் பட்டது. காலடி வந்து மேசையருகே நின்றது. தேங்காயெண்ணெய் மணந்தது. கொமிசாரியோ கேட்டார்: "இவரைத் தெரிகிறதா?"

"ஆம்," என்றாள் ரீத்தா, நல்ல இத்தாலிய மொழியில். "இது என் அண்ணன்."

அவ்வளவுதான் அவளுக்கு வசனம். இனித் திரும்பிப் போகவேண்டும். நான் மூச்சை விடுவதற்கு ஆயத்தமானேன். எண்ணெய் மணம் விலகவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

எங்கள் பக்கத்தில் எந்தத் தங்கச்சியும் அண்ணனை அப்படிக் கூப்பிடமாட்டாள். பெண்சாதி புருஷனைக் கூப்பிடுவது அது. என் வீட்டில் ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கும், பெரும்பாலும் குப்பை கொண்டுபோய்ப் போடுவது தொடர்பாக. இந்த 'இஞ்சேருங்கோ' என் மேல் விழவில்லை. எனக்கு மேலாகப் போனது. கமெரா என் தலைமாட்டில் இருந்தது. அவள் முகத்தை நிமிர்த்தியிருக்கிறாள் என்று விளங்கியது.

"இஞ்சேருங்கோ. நான் இஞ்சைதான் இருக்கிறன். இத்தாலியிலை, பலேர்மோவிலை. சீசா எண்டு கேட்டு வாங்கோ. எங்கட கோயிலடியிலை ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்."

கமெராவில் என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும். கீழே என் நெஞ்சும் முகமும், மேலே அவள் முகம். என் நெஞ்சு அசைந்தால் அந்தக் கணத்தோடு காட்சி பழுது. இயக்குநர் வெட்டிவிடுவார். அடுத்த தடவை, தாளில் இல்லாத வசனத்தை அவர் பேச விடமாட்டார். ஆகவே அவள் முகம் உலகத்துக்கு எவ்வளவு நேரம் தெரியும் என்பது என் நெஞ்சின் கையில் இருந்தது. என் தொழிலில் நான் எதையாவது தீர்மானித்திருந்தேன் என்றால், அந்த மேசையில்தான். அசைவதில்லை.

முதல் 'அருள்நிறைந்த மரியே' முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லோரையும் மதபேதமின்றிக் கூப்பிட்டேன். நெஞ்சு வேலைநிறுத்தத்துக்கு வந்த தொழிற்சங்கம்போலக் கதவில் குத்தியது. காதுக்குள் ஈ பறந்தது. கால்பெருவிரல் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது.

"தலை நரைச்சுப் போச்சு. பயப்பிடாதேங்கோ," என்றாள். "நான்தான்."

வெளியே நாப்போலிக் கப்பல் ஊதியது. கிடங்கே அதிரும்படி நீளமாக ஊதியது. ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தியிருக்கவேண்டும். "வெட்டு" என்று இயக்குநர் மெதுவாகச் சொன்னார்.

நான் அசையவில்லை. வேலையில் காட்டிய விசுவாசம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எப்படி மூச்சு விடுவது என்பது மறந்துபோய்விட்டது. நுன்சியா ஓடிவந்து கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டாள்.

"மூச்சை விடடா, மாடு! முடிஞ்சுது!"

விட்டேன். பிறகு இழுத்தேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாறிப்போனாய் என்று சொல்லவில்லை.

இயக்குநர் என் மேல் குனிந்தார். "கடைசியில் அந்த அம்மணி என்ன சொன்னார்?"

"முகவரி," என்றேன்.

காற்றில்லாமல் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, எனக்குச் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

நான் வீட்டுக்குப் போனபோது வழக்கம்போலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைப் பக்கம் திரும்பினேன். புஷ்பம் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ரீத்தா அவளுக்கு முன்னமே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"எங்கை போறியள்?"

"முழுக."

"இண்டைக்கு என்னத்துக்கு? நீங்கள் எங்கை செத்தனியள், தந்தியெல்லோ கொண்டுபோய்க் குடுத்திருக்கிறியள். மூஞ்சையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."

அன்று நீலம் பூசிய கழுத்தோடு சாப்பிட்டேன்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். இயக்குநர் காட்சியை ஒரு இடத்திலும் வெட்டவில்லை. கப்பல் ஊதுவதையும் வைத்திருந்தார். தமிழ் தெரியாத யாரோ ஒருவர் திரையின் அடியில் எழுத்துப் போட்டிருந்தார்: "போய் வா, அண்ணா. நிம்மதியாக உறங்கு." மண்டபத்தில் ஒருவருக்கும் அதை வாசிக்க நேரமில்லை. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ரீத்தா அழவில்லை. கதிரையின் நுனியில் இருந்து, என் தோளைத் தட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, தழும்பு தெரியுதோ?"

"தெரியுது."

"அப்ப சரி."

போன கார்த்திகையில் சுவாமியார் திரும்பவும் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னும் எல்லா நாட்டிலையும் போட்டு முடியேல்லை, பாதர்," என்று ரீத்தா பதில் சொன்னாளாம். அவர் அந்தோனியின் பெயரை நோயாளிகளோடு வாசித்தார்.

ஆகவே, பிள்ளையே, சும்மா படுக்கிறதுதானே என்று கேட்டாய். ஓம், பெரும்பாலும் அதுதான். ரப்பர் மனிதர் அதை என்னைவிட நன்றாகச் செய்வார், எனக்கு அவரோடு கோபமில்லை. என் முதுகு அவருக்கு நன்றி சொல்கிறது. ஆனால் இத்தாலியத் தொலைக்காட்சிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருமுறை எடுத்ததை அவர்கள் விடமாட்டார்கள். கோடை வந்தால் பழைய பகுதிகளைத் திரும்பப் போடுவார்கள். கோடை முடிந்தால் இன்னொரு அலைவரிசையில் போடுவார்கள். கொமிசாரியோ இப்போது கிழடாகிவிட்டார், மருமகன் இன்னும் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறான்.

அந்தப் பகுதி வரும்போதெல்லாம் ரீத்தா கூப்பிடுவாள். "அண்ணை, இண்டைக்குப் போடுகினம். போனமுறை காணாமல் விட்டிருப்பார்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருவேன். துணி விலகும்போது ஆழமாக இழுத்து, பாதியை விட்டு, நிறுத்துவேன். திரையில் கிடப்பவன் மூச்சு விடமாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். புஷ்பத்துக்கும் தெரியும், அவள் தொலைக்காட்சியைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். என்றாலும் இந்த ஒரு வேலையில் கவனயீனம் கூடாது. ரீத்தா பேசி முடிக்கட்டும். கப்பல் ஊதும்வரை நான் அசைவதில்லை.